மிஷினுக்குத் தைத்த இரண்டு குடைகள்

என் கணவர் துப்பாக்கிக் குண்டு செய்துகொண்டிருந்தார். இப்படி ஒரே வரியில் சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு அடி தள்ளி உட்காருகிறார்கள். அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஏர் ரைபிள் என்று ஒன்று இருக்கிறது. அதில் மருந்து கிடையாது, வெடி கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். அந்தக் குண்டுக்கு பெல்லட் என்று பெயர். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஈயத்தில் செய்வது. இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் விரிந்து குழிவாக இருக்கும். துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகர ஷெட் பிடித்து, ஒரு கைப் பிரஸ்ஸையும், டை என்கிற இரண்டு இரும்பு அச்சுகளையும் வைத்துக்கொண்டு அவர் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. அப்போது கோயமுத்தூரில் பாதிப் பேர் பம்பு செய்தார்கள், மீதிப் பேர் நூல் நூற்றார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் குண்டு என்று எழுதியிருந்தது.

எனக்கு குண்டைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. எனக்கு அந்த ஷெட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்குப் பிடித்திருந்த வீடுதான் முக்கியம். ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு துவைக்கிற கல், அவ்வளவுதான். அதற்கு முன்னால் கல்யாணமாகி மூன்று வருஷம் தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் மாமனார், மாமியார், மூத்தார், அவர் மனைவி, குழந்தைகள் எல்லாரோடும் இருந்தேன். யாரும் கொடுமை பண்ணவில்லை. ஆனால் அந்த வீட்டில் ரசத்துக்குப் பூண்டு தட்டலாமா வேண்டாமா என்பதற்கு நாலு பேரைக் கேட்க வேண்டும். தையல் மிஷினில் உட்கார்ந்தால், இந்த நேரத்துல என்ன சோலி என்று ஒரு குரல் வரும். கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் உடம்பு சரியில்லையா என்று இன்னொரு குரல். துடியலூரில் எனக்குப் பசித்தபோது சமைத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தேன். மத்தியானம் படுத்துத் தூங்கினால் யாரும் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த வீட்டை விட்டுக் கொடுக்க நான் தயாராக இல்லை.

மாமனார் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தோட்டம் மலையடிவாரத்தில். யானை இறங்கினால் தென்னங்கன்றையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். ராத்திரிக் காவலுக்கு ஆள் வேண்டும். "மூத்தவன் ஒருத்தனே எத்தனை நாளைக்குத்தான் முழிச்சுக்கிட்டுக் கெடப்பான்? நீ இங்க குருவி சுடற குண்டு அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறே," என்பார். கடைசியாக ஒரு முடிவுக்கு வந்து சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் ரைபிள் கிளப் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் பெல்லட்டைப் பார்த்துவிட்டு, சோதனை செய்து சரியாக வந்தால் கிளப்புக்கு இவரிடமே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. "அவீங்க எடுத்துக்கறேன்னு சொன்னா இருந்துக்க கண்ணு. இல்லீன்னா ஷெட்டைப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்துருங்க. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்." இதற்கு என் கணவரும் தலையாட்டிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

சோதனை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஒரே துப்பாக்கியில் ஒரே மாதிரி போட்டால் ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போனால் ஒன்று மேலே படும், ஒன்று கீழே படும். அந்த வேகத்தை அளக்க ஒரு மிஷின் உண்டு, குரோனோகிராஃப் என்று பெயர். கணவரோடு பாலிடெக்னிக்கில் படித்தவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். செருப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. மேல்பக்கத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு குழிகள். குழிக்குள் ஆகாசத்தைப் பார்த்தபடி இரண்டு கண்கள். குண்டு பெட்டிக்கு மேலே பறக்கும்போது அதன் நிழலை முதல் கண் பார்க்கும், பிறகு இரண்டாவது கண் பார்க்கும். இடையில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போட்டு, நொடிக்கு இத்தனை அடி என்று நம்பர் காட்டும்.

ஆனால் வெறும் ஆகாசம் அதற்கு ஒத்துவராது. மேகம் மூடியிருந்தால் பார்க்கும். பளீரென்று வெயிலும் நீலமுமாக இருந்தால் திணறிப்போகும். அதற்காக ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே கம்பி நட்டு, ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைக் கூரை மாதிரி மாட்டச் சொல்லியிருந்தார்கள். வெயில் தகட்டில் விழுந்து வெள்ளையாகப் பரவும், அந்த வெள்ளையில் குண்டு கறுப்பாகத் தெரியும். குண்டு தகட்டுக்குக் கீழே, பெட்டிக்கு மேலே, அந்த இடைவெளியில் போக வேண்டும். அந்தத் தகடுகளை நாங்கள் குடை என்றோம்.

மிஷின் வந்து சேர்ந்ததும் பிரித்தாரா என்றால் இல்லை. நல்ல நாள் பார்த்தார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்ல நேரம் என்று காலண்டரில் இருந்தது. பூஜைக்காக மாமனாரும் மாமியாரும் தொண்டாமுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு மிஷினை வைத்து, சுவரோரம் மணல் மூட்டையை அடுக்கினார். முதல் குண்டு போட்டார். ஐந்நூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. இரண்டாவது குண்டு, ஐந்நூற்று எழுபது.

"அம்மணி, பாத்தயா? ரெண்டே ரெண்டு அடிதான் வித்தியாசம்," என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த வீடு நமக்குத்தான் என்று மனசுக்குள் திரைச்சீலைக்குத் துணி எடுத்துவிட்டேன்.

"எங்க, குடு. நானும் ஒன்னு போட்டுப் பாக்கறேன்," என்றார் மாமனார்.

மாமனாரிடம் யார் மாட்டேன் என்று சொல்வது. அவர் பெட்டியைப் பார்த்தார், மணல் மூட்டையைப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்டார். குண்டு நேராக முதல் குடையில் போய் விழுந்தது. குடை உடைந்த வேகத்தில் கம்பி ஆட, ஸ்டூல் சாய்ந்து, மிஷின் துவைக்கிற கல்லில் போய்ப் படுத்துக்கொண்டது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது குடையும் சில்லுச் சில்லாகிவிட்டது.

மாமனார் துப்பாக்கியைச் சுவரில் சாத்தினார்.

"இத்தனை மெல்லீசாச் செஞ்சா ஒடையாம என்ன பண்ணும்," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் பூஜை. பிரஸ்ஸைத் துடைத்து, டையைத் துடைத்து, கிரைண்டர், சைக்கிள், என் தையல் மிஷின், கத்தரிக்கோல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் மாமியார் சந்தனமும் குங்குமமும் வைத்தார். குரோனோகிராஃபுக்கும் வைத்தார். "பாவம், வந்தன்னைக்கே அடிபட்டுப்போச்சு," என்று அதற்கு மட்டும் ரெண்டு பொட்டாகவே வைத்தார். பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல். மாலையில் பஸ் ஏறும்போது மாமனார் ஞாயிற்றுக்கிழமையை ஞாபகப்படுத்தினார். மறந்துவிட்டால்தானே ஞாபகப்படுத்த வேண்டும்.

அமெரிக்காக்காரர் அதற்குள் கிளம்பிப் போய்விட்டார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டதற்கு, வாங்கி அனுப்புகிறேன், வந்து சேர மூன்று நாலு மாசம் ஆகும் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தது பத்துப் பதினைந்து நாள். நாமே செய்துகொள்ள வேண்டியதுதான் என்று ஆயிற்று. மிஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, அதை நான்தான் வாசித்துச் சொன்னேன். குடை பற்றி அதில் அதிகம் இல்லை. வெள்ளையாக இருக்க வேண்டும், வெளிச்சம் உள்ளே வர வேண்டும், சூரியன் நேராகத் தெரியக்கூடாது. இதற்குள் அடங்குகிற எதுவாக இருந்தாலும் சரி என்று நான் புரிந்துகொண்டேன். கம்பிகள் வளைந்துதான் இருந்தன, அவற்றை நிமிர்த்திக்கொண்டோம்.

முதலில் அவர் டிராயிங் போடுகிற டிரேசிங் பேப்பரை அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தார். மாட்டினோம், குண்டு போட்டார், மிஷினில் இரண்டு கோடுதான் வந்தது. நம்பர் வரவில்லை. "பேப்பரு மெல்லீசு. வெயிலு அப்படியே உள்ள எறங்குது," என்றார். பேப்பரை இரண்டு மடிப்பாக்கினார். அப்போதும் இரண்டு கோடு. காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் முறை கிழிந்தது.

பிறகு பால் கவர். தினம் வாங்குகிற பால் கவரைக் கழுவிக் காயவைத்து, அச்சடித்த பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டு நான் தேய்த்தேன். விரல் நுனி நீலமானதுதான் மிச்சம். கவர் வெள்ளையாக நன்றாகத்தான் வந்தது. இரண்டு கோடு. அதற்குப் பிறகு ஐஸ்கிரீம் டப்பா மூடி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய கடையில் ஐஸ்கிரீம் வாங்கி, நின்ற இடத்திலேயே அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தோம். அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான். மூடியும் ஒத்துவரவில்லை.

"உங்களுக்குப் பொறுமையே கெடையாதுங்க," என்றேன். "துணியில தெச்சுத் தாரேன். சும்மா இருங்க."

என்னிடம் எம்பிராய்டரி போடுகிற மர வளையங்கள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற இரட்டை வளையம், நடுவில் துணியை வைத்து இறுக்கினால் மத்தளத் தோல் மாதிரி நிற்கும். ஜாக்கெட்டுக்கு உள்துணியாகக் கொடுக்கிற மல் துணியில் ஒரு முழம் வெட்டினேன். நான் வெள்ளைத் துணியைத் துவைத்தால் நீலம் போடாமல் விட மாட்டேன். இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வானம் நீலமா இருந்தா மிஷினு பாக்காதுன்னு சொல்றாங்க. நீ நீலம் போட்ட துணியைக் கட்டறயே," என்றார். பேச்சில் நியாயம் இருந்ததால் கோபம் வந்தது. திரும்ப மூன்று தண்ணீரில் அலசினேன். அரிசிக் கஞ்சி போட்டு, ஈரத்தோடு வளையத்தில் இழுத்துக் கட்டி, ஓரம் முழுக்க நெருக்கமாகத் தைத்து, கம்பி செருக நாலு பக்கமும் சின்னதாகத் துணிக் குழாய் வைத்தேன். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்றுக்கு அது அசையவே இல்லை. விரலால் சுண்டினால் டப் என்று சத்தம் வந்தது. நான் தைத்ததில் எனக்கே பிடித்த சாமான்கள் ஒன்றிரண்டுதான். அதில் இந்தக் குடைகளும் சேர்ந்தவை.

மாட்டினோம். போட்டார். இரண்டு கோடு.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் சண்டை. ஒரு மடிப்பு போதாது என்றார், இரண்டு மடிப்பாகத் தைத்தேன். இருட்டாகிவிட்டது என்றார், பிரித்தேன். குடை உயரம் என்றார், தாழ்த்தினோம். வளையம் சிறிசு என்றார், இருந்ததிலேயே பெரிய வளையத்தை எடுத்து இன்னொரு ஜோடி தைத்தேன். "துணி ஓட்டை ஓட்டையா இருக்குதல்லோ, அதான் மிஷினு கொழம்புது," என்றார் ஒரு நாள். "ஓட்டை இல்லாத துணியை உங்க ஊருலதான் நெய்வாங்க," என்றேன். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு நாள் ஆகாசம் முழுக்க மேகம் போட்டிருந்தது. மேகமிருந்தால் குடையே வேண்டாம் என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, நான்தான் வாசித்துச் சொன்னேன். அன்றைக்கும் நம்பர் வரவில்லை. அங்கேயே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். நாங்கள் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நல்ல நீல ஆகாசம். முதல் பஸ்ஸுக்கே மாமனார் வந்துவிட்டார். வந்தவர் ஒன்றும் கேட்காமல் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தார். செயலாளர் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. என் கணவர் ஷெட்டுக்குள் பிரஸ் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வெளிச்சத்துக்கு வந்தேன். ஏதாவது செய்ய வேண்டும், அதற்காகத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். தூசியையாவது தட்டுவோம் என்று முந்தானையால் துடைத்தேன். குழிக்குள் சுண்டுவிரலில் துணியைச் சுற்றி விட்டு எடுத்தபோது விரலில் மஞ்சளாக ஒட்டியது.

சந்தனம்.

மாமியார் வைத்த இரண்டு பொட்டும் சரியாக இரண்டு கண்ணிலும் விழுந்திருந்தது. குழிக்குள் இறங்கிக் காய்ந்து, மேலே குங்குமம் வேறு. பத்து நாளாக அந்த மிஷினை நாங்கள் இரண்டு பேரும் மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். பொட்டைப் பார்க்காமல் இல்லை. ஆயுத பூஜை கழிந்தால் எங்கள் பக்கம் எல்லா மிஷினிலும் பொட்டு இருக்கும், அதுவாக உதிரும் வரைக்கும் யாரும் துடைக்க மாட்டார்கள். பஸ்ஸில் இருக்கும், மாவு மில்லில் இருக்கும், ஆபீஸ் டைப்ரைட்டரில் இருக்கும். பொட்டு இல்லாவிட்டால்தான் எங்களுக்குக் கண்ணில் படும். மாமியாரைக் குறை சொல்லவும் முடியாது. கண் என்று இருந்தால் அங்கேதான் வைக்கத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் துடைத்தேன்.

"ஏனுங்க, சித்தெ வாங்க," என்றேன். வந்தவரிடம் விரலைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் விரலையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே மாமனார் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது, வாயைப் பொத்திக்கொண்டோம். ஸ்டூலில் வைத்து, என் குடைகளை மாட்டி, ஒரு குண்டு போட்டார். ஐந்நூற்று எழுபத்தொன்று. முதல் நாள் வந்த நம்பர்தான் கிட்டத்தட்ட. அடுத்த குண்டை எடுப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

செயலாளர் ஒரு மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, தும்பைப்பூ வேட்டி, பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. மாமனாரைக் கும்பிட்டார், தோட்டத்தைப் பற்றி விசாரித்தார், யானையைப் பற்றி வருத்தப்பட்டார். பிறகு, "ஆரம்பிச்சுக்கலாமுங்களா?" என்றார்.

என் கணவர் டப்பாவிலிருந்து கைக்கு வந்த குண்டுகளை எடுத்துப் போட்டார். துப்பாக்கியை மணல் பையில் கிடத்தி, நிதானமாக, மூச்சை அடக்கித்தான் போட்டார். அவர் கையில் தப்பில்லை. முதல் குண்டு ஐந்நூற்று அறுபத்தாறு. அடுத்தது ஐந்நூற்று முப்பத்தெட்டு. அடுத்தது ஐந்நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்தது ஐந்நூற்றுப் பத்தொன்பது. நான் சமையலறை வாசலில் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். நம்பரைச் செயலாளர் சத்தமாக வாசிக்க வாசிக்க என் கணவரின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நாலாவது நம்பருக்குப் பிறகு அந்த முதுகு கொஞ்ச நேரம் அசையவில்லை. பூஜைக்கு முந்தின நாள் இரண்டு குண்டு ஒத்துப்போனது வெறும் அதிர்ஷ்டம். அது எனக்கே புரிந்தது, அவருக்குப் புரியாமல் இருக்குமா.

இன்னும் ஆறேழு குண்டு போனது. எல்லாம் அதே லட்சணம்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கணவரைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் இருந்த பேச்சை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மனுஷர் எதையோ மோப்பம் பிடித்திருக்க வேண்டும்.

"மேல கட்டியிருக்கற கொடை ஊட்டுல தெச்சதுங்களா?" என்றார்.

"ஆமாங்க. கம்பெனிது ஒடைஞ்சுபோச்சுங்க," என்றார் என் கணவர். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அதனால கூட நம்பரு முன்னப்பின்ன வருமுங்க. துணி பாருங்க. வெளிச்சம் சீரா எறங்கலீன்னா மிஷினு தப்பாத்தான் காட்டும். கம்பெனி சாமான் வரட்டுமுங்க, இன்னொருக்காப் பாத்துக்கலாம். எங்களுக்கு ஒன்னும் அவசரமில்லீங்க."

"அப்ப குண்டு மேல தப்பில்லீங்களா?" என்று கேட்டார் மாமனார்.

"இன்னைக்குச் சொல்ல முடியாதுங்க. கொடையை மாத்திப் போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும்."

அமெரிக்காவிலிருந்து குடை வர மூன்று நாலு மாசம். அதற்குள் அவர் டையை மாற்றலாம், வேறு ஈயம் பார்க்கலாம், என்னவோ பண்ணலாம். மூன்று நாலு மாசம் நான் என் வீட்டில் இருப்பேன். என் கணவர் ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதுகூட அவருக்கு வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆமாங்க," என்றேன் நான். "அவசரத்துல தெச்சதுங்க. துணியும் அத்தனை நல்ல துணி இல்லீங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமில்லாததுங்காட்டி சரியா வரலீங்க."

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் அதுவரைக்கும் நான் வாயைக் கொடுத்ததில்லை. மாமனார் திரும்பிப் பார்த்தார். செயலாளர், அதனாலென்னங்க அம்மணி என்று நல்லபடியாகத் தலையாட்டினார். காரியம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இல்லீங்க," என்றார் என் கணவர், என்னைக் காட்டி. "அது சும்மா சொல்லுதுங்க. கொடையில ஒரு குத்தமும் இல்லீங்க."

அவர் எழுந்து ஷெட்டுக்குள் போனார். மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று செயலாளரே முன்பு கொடுத்த வெளிநாட்டு பெல்லட் கொஞ்சம் ஒரு தகர டப்பியில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவர் டை செய்தார். ஒன்றைக்கூட அதுவரை சுட்டதில்லை. டப்பியை எடுத்துக்கொண்டு வந்து, அதே துப்பாக்கியில், அதே மிஷினுக்கு மேலே, என் குடைகளுக்குக் கீழே, ஒவ்வொன்றாகப் போட்டார். ஐந்நூற்று எழுபத்துநாலு. ஐந்நூற்று எழுபத்தாறு. ஐந்நூற்று எழுபத்துநாலு. ஐந்நூற்று எழுபத்தைந்து. செயலாளர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். டப்பி காலியாகும் வரைக்கும் இவர் போட்டார், ஒரு நம்பர்கூட விலகவில்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தயா அம்மணி," என்றார். "உன்ற தையல்ல தப்பே இல்லை. குண்டுதான் சரியில்லை."

எனக்கு ஏதோ நல்ல சேதி சொல்கிற முகம். பத்து நாளாக ஓட்டை என்றும் சிறிசு என்றும் உயரம் என்றும் அந்தக் குடையைத் திட்டியதற்கு நாலு பேர் முன்னால் ஈடு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவரை அப்படியே கழுத்தைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. அழுகையும் வந்தது. காப்பி ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

செயலாளர் காப்பி குடித்தார். இவ்வளவு நேர்மையாக யாரும் சொல்ல மாட்டார்கள் என்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எப்போது சரியான குண்டு வந்தாலும் முதலில் தன்னிடம்தான் காட்ட வேண்டும் என்றார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். என் கணவர் அவரை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடப் போனார்.

நான் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். மாமனார் ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றார். குடை ஒன்றைக் கம்பியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார், ஓரத்துத் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். நடுவில் விரலால் சுண்டினார். டப் என்றது.

"நல்லா இழுத்துக் கெட்டியாத்தான் தெச்சிருக்கறே," என்றார். அவர் வாயிலிருந்து என் வேலைக்கு அதுவரைக்கும் ஒரு வார்த்தை வந்ததில்லை. "அப்பறம் ஏன் கண்ணு, சரியா வரலீன்னு சொன்னே?"

நான் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினால் அவர் அங்கேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. குடையை மெதுவாகக் கம்பியில் பழையபடி மாட்டினார். மாட்டத் தெரியாமல் இரண்டு மூன்று தடவை கம்பியைத் தவறவிட்டார்.

"தீபாவளிக்கு இங்கயே இருந்துட்டு அப்பறமா ஊட்டுக்கு வாங்க," என்றார், என்னைப் பார்க்காமல்.